ஹெப்சி கைக்கு ஒரு தண்டு

சாம்பல் நிறத் தண்டை ஞானசிகாமணி இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் ஆட்டியபோது அது என்ன சொன்னதோ அதையேதான் இப்போதும் சொன்னது, அதாவது ஒன்றும் சொல்லவில்லை. விறைப்பாக ஒரு உதறல், நுனியில் பொடி நடுக்கம், அப்புறம் கப்சிப். சாப்பாட்டு மேசையில் இன்னும் இரண்டு தண்டுகள் கிடந்தன, பச்சையில் ஒன்று, தேன் நிறத்தில் ஒன்று. மூன்றும் பெங்களூரிலிருந்து அட்டைக் குழாயில் வந்தவை. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் இன்றைக்கு மதியத்துக்குள் கூரியர்க்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. தூண்டில் ராடு கட்டுகிறவர்கள் இதைப் பிளாங்க் என்பார்கள். கைப்பிடி ஏறாத, வளையம் கட்டாத, ரீல் மாட்டாத வெறும் தண்டு. முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரி ஏமாற்றி ட்ரவுட் மீன் பிடிக்கிற ராடுக்கு உயிரே இந்தத் தண்டில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் நகைநட்டு. தப்பான தண்டில் எவ்வளவு அழகாகப் பட்டுநூல் சுற்றினாலும் அது தப்பான ராடுதான். பல்செட்டு கட்டியே ஆயுசில் பாதியைக் கழித்த மனுஷனுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. பல்செட்டு தாடையில் உட்காரவில்லையென்றால் தேய்க்கலாம், இழைக்கலாம், மெழுகு வைத்துத் திரும்ப வார்க்கலாம், கெஞ்சியோ மிரட்டியோ உட்கார வைத்துவிடலாம். தண்டை எங்கே தேய்ப்பது? டீயை எடுக்கக் கையை நீட்டினார், விரல் நேராகக் கோப்பையின் வயிற்றில் போய்ச் சுட்டுக்கொண்டது. பிடி அந்தப் பக்கம் இருந்தது. கொஞ்ச நாளாகவே இந்த வீட்டில் கோப்பையின் பிடி இப்படித்தான் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு வந்து உட்காருகிறது. பெண்சாதியிடம் ஒரு வார்த்தை சொன்னால் "சூடுன்னு தெரியாதா" என்பாள். விரலை வாயில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி எதிர்வீட்டுத் தகரக் கூரையை விழுங்கிவிட்டிருந்தது. குன்னூரில் சனிக்கிழமை என்றால் வெயில் லீவு போட்டுவிடும்.

எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தால் வந்த வினை. பொங்கல் லீவில் ஒருநாள், இதே மேசையில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ஹெப்சிபா சொன்னாள்: "எனக்குப் புதுசா ஒரு ராடு கட்டிக் குடுங்க. பரீட்சை முடிஞ்சதும் ஒரே ஒரு நாள் வந்து வீசிப் பாக்கறேன். வந்துச்சுன்னா வந்துச்சு. வரலைன்னா அதோட விட்டுருவேன், அப்புறம் என்னை ஓடைக்குக் கூப்பிடவே கூடாது." பழைய ராடு இருக்கிறதே என்றார். அது வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. போன மழைக்கு முந்தின மழைக்காலத்தில் அவலாஞ்சிப் பக்கம் ஓடையில் பாசிப் பாறை வழுக்கி வலது தோளில் விழுந்தவள், அந்தப் பழைய ராடைக் கையில் பிடித்தபடிதான் விழுந்தாள். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அவராகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் அறுத்துத் தகடு வைத்து, திருகாணி போட்டு, கட்டுப் பிரித்து, பிசியோதெரபி என்று அலைந்து, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசிலை வாயில் வைத்தால் மைதானமே நிமிர்ந்து நிற்கும், ஆனால் பந்தை இப்போது வேறு யாரோதான் எறிந்து காட்டுகிறார்களாம். ஒரே ஒரு நாள் என்று மற்ற பெண்சாதிகள் சொன்னால் அது பேச்சு. ஹெப்சி சொன்னால் அது தீர்ப்பு. கல்யாணமான புதிதில் அவருடைய அக்கா ஏதோ சொன்னாள் என்று காப்பியை விட்டவள், இன்றைக்கு வரைக்கும் தொட்டதில்லை, அக்காவே வந்து கெஞ்சியும் தொடவில்லை. அப்படிப்பட்டவள் அந்த ஒரு நாள் வீசும்போது கோடு, அந்தத் தூண்டில் நூல், சுருண்டு காலடியில் விழுந்தால், தோளில் சுருக்கென்று குத்தினால், முடிந்தது கதை. ராடை ஒழுங்காகத் துணியில் சுற்றி வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்துவிடுவாள். ஓடை போனால் என்ன போகிறது என்று வெளியாள் கேட்கலாம். வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது கேஸ் சிலிண்டரைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி, சபையில் யார் யாரோடு பேசவில்லை என்பதைப் பற்றி. ஓடைக்குப் போய்த் திரும்புகிற பஸ்ஸில் மட்டும் அவளுக்குள்ளிருந்து வேறொருத்தி எழுந்து வருவாள். ஈரச் சப்பாத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கைதவறின மீனைப் பற்றி ஆரம்பித்து ஸ்டாஃப் ரூம் ரகசியமெல்லாம் சொல்லி, ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி நடித்துக் காட்டி, லவ்டேல் வளைவு வருவதற்குள் அவரை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிடுவாள். அந்த ஹெப்சி வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததே கிடையாது. அவளைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. இந்த மூன்று தண்டில் சரியானதை எடுத்தால் அவள் திரும்பி வருவாள், தப்பானதை எடுத்தால் வரமாட்டாள். ஆட்டிப் பார், சிகாமணி, நன்றாக ஆட்டிப் பார்.

ஆட்டினார். சாம்பல் தண்டு கார்பன், விறைத்த ஜாதி, தூரமாக வீசுகிறவர்களுக்கானது. விழுவதற்கு முன்னால் ஹெப்சி வீசியதெல்லாம் இந்த ஜாதியில்தான். கையைப் பின்னால் கொண்டுபோய் அங்கே ஒரு கணம் காத்திருப்பாள், பின்னால் கோடு முழுசாக நீண்டு முடிகிறவரைக்கும், அதற்குப் பிறகுதான் முன்னால் விடுவாள். அந்த ஒரு கணத்தைக் காத்திருக்கத் தெரியாமல்தான் பாதி ஆம்பிளைகள் ஓடையில் கோட்டைச் சிக்கலாக்கிக்கொண்டு கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், அவரையும் சேர்த்து. ஆனால் விறைத்த தண்டு தோளைக் கேட்கும், தகடு வைத்த தோளை. இதைக் கொடுத்தால், உனக்கு ஒன்றுமே ஆகவில்லை, பழையபடி வீசு என்று சொல்கிற மாதிரி. அவள் வலித்தாலும் சொல்லமாட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு வீசுவாள், சாயங்காலம் தைலம் தேய்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். பச்சைத் தண்டு நடுத்தரம். விறைப்பும் இல்லை, குழைவும் இல்லை, எதுவுமே இல்லை. அதை எடுப்பதென்பது எதையும் தீர்மானிக்கத் துணிச்சல் இல்லாதவன் எடுக்கிற தீர்மானம் என்று அவருக்கே தோன்றியதால் அதன்மேல் தனியாக ஒரு கோபம். மூன்றாவதான தேன் நிறத் தண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கண்ணாடிநார்த் தண்டு, வாழைமட்டை மாதிரி அடிவரைக்கும் வளைந்து கொடுக்கும், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கொடுப்பது. அதை ஹெப்சி கையில் கொடுப்பதைவிட ஒரு பொம்மை விசிலை வாங்கிக் கொடுத்து மைதானத்தில் ஊது என்று சொல்லிவிடலாம். இருந்தாலும் கடமைக்கு மூன்றையும் மேசை விளிம்பில் கட்டி நுனியில் இரும்பு வாஷர்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எது எவ்வளவு எடைக்கு எவ்வளவு வளைகிறது என்று பார்த்தாயிற்று. அடியைத் தரையில் ஊன்றி உள்ளங்கையில் உருட்டி, எந்தப் பக்கம் துள்ளித் திரும்பி நிற்கிறது, விறைப்பான முதுகு எந்தப் பக்கம் என்று பென்சில் கோடும் போட்டாயிற்று. எல்லாக் கணக்கும் தெரிந்துவிட்டது. தோள்தான் தெரியவில்லை. ஆட்டுவது யார் கை? அவருடைய கை. அவருடைய கைக்கு மூன்றுமே நன்றாகத்தான் இருக்கிறது. பல் டாக்டர் கிளினிக்கின் பின்பக்க அறையில் அவர் முன்னால் வந்து உட்காருகிற பொக்கை வாய்களிடம் முதல் கேள்வியாக அவர் கேட்பது, எந்தப் பக்கம் மெல்லுவீங்க என்பதுதான். அளவு எடுக்கிறதெல்லாம் அப்புறம். அதைக் கேட்காமல் கட்டுகிற பல் டம்ளரில்தான் கிடக்கும். அவர்களும் மறைக்காமல் சொல்வார்கள், இந்தப் பக்கம்தான் சாமி, அந்தப் பக்கம் எலும்பு கூர், குத்தும் என்று வாயைத் திறந்து காட்டுவார்கள். ஊரே வாயைத் திறந்து காட்டுகிறது. கட்டின பெண்சாதி மட்டும் தோளைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

திறக்காவிட்டால் போகட்டும் என்று அவர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பழைய ராடின் கார்க் கைப்பிடியில் ஹெப்சியின் கட்டைவிரல் அழுத்தி அழுத்திப் பள்ளமாகிப் போன இடம் ஒன்று இருக்கிறது. எத்தனையோ வருஷத்துப் பள்ளம். பல்லுக்கு அச்செடுக்கிற பசையைக் குழைத்து அந்தக் கைப்பிடிமேல் அப்பி, அச்செடுத்து, வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்து, காய்ந்ததும் பொடிச் சொரசொரப்பெல்லாம் சுரண்டி எடுத்து மேசை மூலையில் நிறுத்தியிருந்தார். புதுக் கார்க்கில் அதே பள்ளத்தை அதே ஆழத்தில் இழைத்துவிட்டால், அவள் பிடித்த மாத்திரத்தில் கட்டைவிரல் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், கை பயத்தை மறந்துவிடும் என்று எண்ணம். உலகத்தில் எந்த ராடு கட்டுகிறவனுக்கும் தோன்றாத யோசனை இது, பல் கட்டுகிறவனுக்குத்தான் தோன்றும். அந்தப் பிளாஸ்டர் இப்போது தண்டு எங்கே தண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றது. பெங்களூர் பெர்னார்டுக்குப் போன் போட்டார். தண்டுகளை அனுப்பி வைத்த புண்ணியவான். "சார், ஆட்டிப் பாத்தீங்களா?" என்றார் பெர்னார்டு. ஆட்டினேன். "எப்டி இருக்கு?" மூணும் ஆடுது. "சார், நம்ம ஆளுங்க பண்ற தப்பே இதுதான். கோடு மாட்டாத தண்டை ஆட்டுனா காத்துதான் ஆடும். யாருக்கு சார் கட்டறீங்க?" சம்சாரத்துக்கு. "அப்ப அவங்க கையில குடுத்து ஆட்டச் சொல்லுங்க, முடிஞ்சுது." அவள் தொடமாட்டேங்கறாளே என்று சொல்ல வாயெடுத்தவர் வேறு என்னமோ சொல்லி வைத்துவிட்டார். தொடமாட்டேன் என்கிறாள் என்று பெங்களூர் வரைக்கும் தெரிய வேண்டுமா? அதோடு இந்த பெர்னார்டு, இவர் கேட்காமலே தேன் நிறத் தண்டைச் சேர்த்து அனுப்பின ஆள். "சும்மா பாத்து வைங்க சார், கையைப் பழக்கறதுக்கு அது மாதிரி வராது" என்று போனை வைக்கிற நேரத்தில் வேறு சொன்னார். கையைப் பழக்குகிறதாம். யார் கையை? நீலகிரியில் அவளை மாதிரி வீசுகிறவர்கள் எத்தனை பேர் என்று இந்த ஆளுக்குத் தெரியுமா? போனைத் தூக்கி மேசையில் போட்டார், அது வழுக்கிப் போய் வாஷர்களைத் தட்டிவிட்டது, வாஷர்கள் உருண்டோடி சோபாவுக்கடியில் புகுந்துகொண்டன.

உள்ளே தாளிக்கிற சத்தம். சரி, ஒரு தடவை நேராகவே கேட்டுவிடுவோம் என்று பச்சைத் தண்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசல்வரைக்கும் போனார். ஹெப்சி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், புளிக்குழம்பு, கரண்டியைச் சுழற்றுகிற லட்சணத்தில் குழம்பு இடதுபக்கச் சுவரெல்லாம் பொட்டு வைத்திருந்தது. முன்பெல்லாம் அடுப்பங்கரை கண்ணாடி மாதிரி இருக்கும். விழுந்ததிலிருந்து அவளுக்கு எதிலும் கவனம் இல்லை என்று நினைத்ததும் பாவமாக இருந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. "இந்தா, இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாரேன்." "கை ஈரம்." "தொடைச்சுக்கோ." "அடுப்புல இருக்கேன்ல." தண்டைக் கை மாற்றிக்கொண்டார். "தோள் எப்படி இருக்கு?" "தோள் இருக்கற இடத்துலதான் இருக்கு," என்றாள் திரும்பாமலே. "ஹெப்சி, நான் கேக்கறது..." "உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அதை எடுங்க. நீங்கதானே கட்டப் போறீங்க." நீங்கதானே கட்டப் போறீங்க! அவள் கையில் பிடிக்கப் போகிற சாமானை அவர் தலையில் கட்டியாகிவிட்டது. அப்படியே பின்வாசல் வழியாக இறங்கிச் சாமான் கொட்டகைக்குப் போனார், அங்கே எப்போதோ ஒடிந்துபோன வேறொரு ராடின் மேல்பாதி கிடக்கும், அதன் வளைவோடு ஒப்பிட்டாலாவது ஒரு வழி பிறக்கும். அது இல்லை. பெயின்ட் டப்பா இருக்கிறது, அறுந்த குடை இருக்கிறது, யாருக்கும் உதவாத சைக்கிள் பம்ப் இருக்கிறது, தேடுகிற சாமான் மட்டும் இல்லை. இந்த வீட்டில் எதுவுமே வைத்த இடத்தில் இருப்பதில்லை. போன மாசம் மார்க்கெட்டில் பிடிவாதமாக நின்று ஒரு பந்து மஞ்சள் கம்பளிநூல் வாங்கினாள், கண்ணைப் பறிக்கிற மஞ்சள், உங்களுக்கு மஃப்ளர் என்றாள். அவருக்கு மஞ்சள் ஆகாது என்று தெரிந்தும் வாங்கினாள், சரி என்று கழுத்தைத் தயார்செய்து வைத்திருந்தார், நூலையும் காணோம் மஃப்ளரையும் காணோம். பின்னுகிற அளவுக்கும் கை வரவில்லையோ? வரவில்லையென்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அன்றைக்குப் பால்காரருக்கு எழுதி வைத்த சீட்டில் இரண்டு பாக்கெட் என்பது ஒன்றாங் கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி கோணிக்கொண்டு கிடந்தது. பார்த்ததும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவளிடம் காட்டவில்லை. தோளிலிருந்து விரல்வரைக்கும் நரம்பு போய்விட்டதோ என்கிற பயம் அன்றைக்குத்தான் வந்தது, வந்தது போகவே இல்லை. சைக்கிள் பம்பை ஒரு உதை விட்டார். காலில்தான் வலித்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூன்று தண்டுகளும் முன்னைவிட மோசமாகத் தெரிந்தன. அந்த நாள் எப்படி இருக்கும் என்று வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு ஓட்டிக் காட்டியது. சோலை ஓரத்தில் பை இறங்கும், அவர் ராடைத் துண்டு துண்டாகச் செருகிக் கொடுப்பார், அவள் வாங்குவாள், கட்டைவிரல் பள்ளத்தில் போய் உட்காரும், அந்தவரைக்கும் நல்ல காட்சி. கை மேலே போகும், போகாது, பாதியில் நிற்கும். கோடு தண்ணீரில் சோற்றுக் கஞ்சி மாதிரி தொப்பென்று விழும். அவள் முகத்தில் ஒன்றுமே இருக்காது, பிள்ளைகள் முன்னால் தோற்கக் கூடாது என்று வைத்துக்கொள்கிற அந்த டீச்சர் முகம். அப்புறம் டிபன் டப்பா. பஸ்ஸில் ஜன்னலோரம், ஆனால் வாய் திறக்காது. அடுத்த சனிக்கிழமை அவள் டி.வி. முன்னால் இருப்பாள், அவர் தனியாகப் போகலாமா என்று கேட்பார், போயிட்டு வாங்க என்பாள், அவரால் போகவும் முடியாது. இரண்டு பேருக்கும் வயசாகும். ஒரு தண்டு, ஒரு இழவு தண்டு, இது போய் இத்தனையையும் தீர்மானிக்குமா என்று கேட்டால், தீர்மானிக்கும், அவள் ஒரே ஒரு நாள் என்று சொல்லிவிட்டாளே. சாம்பல் என்றால் வலி. பச்சை என்றால் கோழைத்தனம். தேன் என்றால் அவமானம். அப்படியானால் எதுவுமே வேண்டாம். பெங்களூருக்கே போகட்டும் மூன்றும். தண்டு சரியில்லை, வேறு வரவழைக்கிறேன், வெளிநாட்டிலிருந்து வர நாளாகும் என்று சொல்லிவிட்டால் பரீட்சையும் முடியும், லீவும் முடியும், மழை பிடித்துக்கொள்ளும், ஒரே ஒரு நாள் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். வீசாதவரைக்கும் அவள் தோற்கவில்லை. இந்த யோசனை வந்ததும் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி, காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரைக்கும் போனது. தேன் தண்டை முதலில் குழாய்க்குள் தள்ளினார். பச்சை. சாம்பல். மூடியை அழுத்தி, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, சுற்றிச் சுற்றி ஒட்டினார். கூரியர்க்காரர் போனில், பெட்ஃபோர்டு பஸ் ஸ்டாப்புல இருக்கேன் சார், இதோ வந்துட்டேன் என்றார். வாங்க, வாங்க, ரெடியா இருக்கு என்று சிகாமணி தாராளமாக அழைத்தார்.

கையைத் துடைத்துக்கொண்டே ஹெப்சி கூடத்துக்கு வந்தாள். மேசையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள்.

"மூணும் போகுதா?"

"ஒண்ணும் சரியில்ல. வேற வரவழைக்கறேன். கொஞ்சம் நாளாகும், வெளிநாட்டுலேர்ந்து வரணும்."

"எவ்ளோ நாள்?"

"மழைக்கு முன்னால வந்தா உண்டு."

அவள் குழாயை மேசையில் ஒரு உருட்டு உருட்டினாள். முகம் அந்த டீச்சர் முகமாக மாறிக்கொண்டு வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓடையில் பார்க்கப் பயந்தது கூடத்திலேயே வந்துவிட்டது. "நான் வீசமாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்க," என்றாள். "அதுக்குத்தான் இவ்ளோ நாளா அதை ஆட்டறதும் இதை ஆட்டறதும்." அப்படியில்லை ஹெப்சி என்றார், அப்படித்தான் என்பதால் டேப் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். அவள் சடாரென்று திரும்பி உள்ளே போனாள். பீரோ கதவு கிறீச்சென்றது. திரும்பி வந்தபோது அவள் கையில் கொட்டகையில் காணாமல்போன அந்த ஒடிந்த ராடின் மேல்பாதி இருந்தது, அடியில் துணி சுற்றிக் கைப்பிடி செய்திருந்தாள், நுனியில் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் கம்பளிநூல் நீளமாகக் கட்டித் தொங்கியது. "வாசலுக்கு வாங்க," என்றாள்.

மூடுபனி கொஞ்சம் விலகியிருந்தது. வாசலில் இறங்கிக் காலை அகட்டி நின்று அந்தப் பாதி ராடை உயர்த்தினாள். இடது கையில். முதல் வீச்சு கோணலாகப் போய் நூல் ரோஜாச் செடியில் மாட்டிக்கொண்டது, முனகிக்கொண்டே எடுத்தாள். இரண்டாவது அவள் காலடியிலேயே விழுந்தது. மூன்றாவதில் கையைப் பின்னால் கொண்டுபோய் அங்கே காத்திருந்தாள், அந்த ஒரு கணம், நூல் பின்னால் முழுசாக நீண்டு முடிகிறவரைக்கும், அதே கணம், வேறு கை. மஞ்சள் நூல் தலைக்கு மேலே ஒரு வளையம் போட்டுத் தரையில் நேராகப் போய்ப் படுத்தது. சிகாமணி படியிறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றார். கோப்பையின் பிடி, சுவரில் குழம்புப் பொட்டு, கோணல் சீட்டு, வராத மஃப்ளர் என்று காலையிலிருந்து தன்னை எரிச்சல்படுத்தின எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்தக் கையில் நின்றன. இத்தனை நாளும் நரம்பு போய்விட்டது என்று பயந்த கை வேறு, எழுதிப் பழகின கை வேறு.

"எப்பலேர்ந்து?"

"கட்டுப் பிரிச்சன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாரு, வலது கை தோளுக்கு மேல போகாதுன்னு. நீங்க மாத்திரை வாங்கப் போயிருந்தீங்க." நூலைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "ஸ்கூல் விட்டதும் மைதானத்துல யாருமில்லாதப்ப பழகுறேன். பத்துல ஒண்ணுதான் ஒழுங்கா விழுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னியிலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எம் பின்னாலயே சுத்துவீங்க. கொஞ்சமாச்சும் வந்தப்புறம் காட்டலாம்னு பாத்தேன். அப்புறம், நீங்களும் கேக்கல. தோள் எப்படி இருக்குன்னுதான் தெனம் கேட்டீங்க."

எந்தப் பக்கம் மெல்லுவீங்க. ஊர் பேர் தெரியாத வாய்களிடமெல்லாம் கேட்ட கேள்வி. சிகாமணி திரும்பி உள்ளே பார்த்தார், மேசை மூலையில் வலது கட்டைவிரலின் பள்ளத்தோடு அந்த வெள்ளைப் பிளாஸ்டர் நின்றுகொண்டிருந்தது. அவர் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போனது. "அது என்ன?" என்று கேட்டு, உள்ளே போய்க் கையில் எடுத்துப் பார்த்து, பள்ளத்தில் விரலை வைத்ததும் புரிந்துகொண்டு, "அட மடையா," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிச் சொன்னது பஸ்ஸில் மட்டும்தான். "அதுக்குத்தாங்க பழைய ராடு வேண்டாம்னேன். எடது கையில பிடிச்சா இந்தப் பள்ளம் குத்துது, கை எங்க வெக்கிறதுன்னே தெரியல. நீங்க என்னடான்னா அதையே வார்த்து வெச்சிருக்கீங்க."

வாசலில் பைக் வந்து நின்று ஹாரன் அடித்தது. இருங்க, இருங்க, ரெண்டு நிமிஷம் என்று சிகாமணி கத்திவிட்டுக் குழாயின் டேப்பை நகத்தால் பிராண்டினார், அவர் ஒட்டின டேப் லேசில் வருவதாக இல்லை, ஹெப்சி கத்தியைக் கொண்டுவந்து கீறினாள். மூன்று தண்டும் மேசையில் சரிந்தன. அவள் இடது கையால் சாம்பலை எடுத்தாள், ஒரு தடவை அசைத்தாள், வைத்துவிட்டாள். பச்சையைத் தொடவில்லை. தேன் நிறத் தண்டை எடுத்து அசைத்தபோது அது அடிவரைக்கும் வளைந்து, சாவகாசமாகத் திரும்பி வந்தது, அவள் இன்னொரு முறை அசைத்தாள், இன்னொரு முறை. "இது சொல்லுதுங்க," என்றாள். "எப்ப முன்னால விடணும்னு இது கையில சொல்லுது. அது ரெண்டும் சொல்ல மாட்டேங்குது."

"அது புதுசா கத்துக்கறவங்களுக்கு," என்றார் சிகாமணி.

"நான் யாராம்?"

சாம்பலையும் பச்சையையும் கூரியர்க்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, பல்வேலைக்கு வைத்திருந்த ரோஸ் மெழுகை எடுத்துச் சமையலறையில் வெந்நீரில் போட்டு இளக்கினார். உருட்டி, கைப்பிடி அளவுக்கு நீட்டி, தேன் தண்டின் அடியில் சுற்றி, அவள் முன்னால் நீட்டினார். குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது, அடுப்பை யார் அணைத்தது என்று தெரியவில்லை. பொக்கை வாய்களிடம் பேசுகிற அதே குரல்தான் வந்தது, வேறு குரல் அவருக்கு அந்த நேரம் வரவில்லை.

"எந்தக் கை?"

ஹெப்சி இடது கையைக் கொடுத்தாள்.

"நல்லா அழுத்திப் பிடி," என்றார். அவள் பிடித்தாள்.